டெங்குவை அடக்க எந்தக் கொசு: மரபணு மாற்றியதா, வோல்பாக்கியா ஏற்றியதா?

2017-ல் டெங்கு பரவியபோது என் தங்கை மகனுக்கும் வந்தது. ஆறு வயது. தட்டணு எவ்வளவு, இன்றைக்கு ஏறியிருக்கிறதா இறங்கியிருக்கிறதா என்று கேட்டுக்கொண்டே நின்ற அந்த நான்கு நாள்களை எங்கள் வீட்டில் யாரும் மறக்கவில்லை. பையன் பிழைத்துவிட்டான். அரசுக் கணக்குப்படி அந்த ஆண்டு தமிழ்நாட்டில் 23,000 பேருக்கு மேல் டெங்கு, 65 பேர் இறந்தார்கள். அதே ஆண்டு இலங்கையில் 1,86,000-ஐத் தாண்டியது. அப்போதிருந்துதான் கொசுவை வைத்தே கொசுவை அடக்கும் வழிகளைப் பற்றித் தேடிப் படித்துக்கொண்டிருக்கிறேன். கேட்பவர்கள் பலரும் 'லேப்பில் செய்த கொசு' என்று எல்லாவற்றையும் ஒரே மூட்டையில் கட்டிவிடுகிறார்கள். உள்ளே இருப்பது முற்றிலும் வேறான இரண்டு யோசனைகள், அதனால் பிரித்து எழுதுகிறேன்.

இப்போது நம்மிடம் இருப்பது என்ன? புகை மருந்து, தண்ணீரில் கொசுப்புழுவைக் கொல்ல ஊற்றும் அபேட், வீடு வீடாக வந்து தொட்டியைத் திறந்து பார்க்கும் பணியாளர்கள். அந்தப் பணியாளர்கள் மேல் எனக்கு மிகுந்த மரியாதை உண்டு. ஆனால் புகை பறக்கும் கொசுவை மட்டும்தான் கொல்லும், அதுவும் தெருவில் இருப்பதை. டெங்குவைப் பரப்பும் ஏடிஸ் எஜிப்தி கொசுவோ கட்டிலுக்கு அடியிலும் தொங்கும் துணிகளுக்குப் பின்னாலும் உட்கார்ந்திருக்கிறது. அதன் முட்டை தண்ணீரே இல்லாமல் மாதக்கணக்கில் காய்ந்து கிடந்து, முதல் மழையில் பொரிக்கும். நான்கு நாளைக்கு ஒருமுறை குழாயில் தண்ணீர் வரும் ஊரில் டிரம்மில் பிடித்து வைக்காதே என்று யாரிடம் சொல்ல முடியும்?

சரி, முதல் வழி மரபணு மாற்றிய கொசு. இங்கிலாந்தில் தொடங்கிய ஆக்சிடெக் நிறுவனம்தான் இதில் முன்னால் நிற்கிறது. ஆண் கொசு கடிக்காது, எனவே ஆண் கொசுக்களை மட்டும் வெளியே விடுவார்கள். அவற்றுக்குள் வைத்திருக்கும் மரபணு, டெட்ராசைக்ளின் என்ற மருந்து கிடைத்துக்கொண்டிருக்கும்வரை அடங்கிக் கிடக்கும், ஆய்வகத்தில் அந்த மருந்தைக் கொடுத்துத்தான் வளர்ப்பார்கள். ஊருக்குள் போய் அந்த ஆண் கொசு இணை சேர்ந்தால், பிறக்கும் புழுக்கள் வளர்ந்து கொசுவாவதற்குள் செத்துவிடும். கேமன் தீவில் 2009, 2010-ல் இப்படித்தான் தொடங்கினார்கள், அப்புறம் மலேசியா, பிரேசில். இப்போது இருப்பது இரண்டாம் தலைமுறை. இதில் பெண் குஞ்சுகள் மட்டும் சாகும், ஆண்கள் பிழைத்து அந்த மரபணுவை இன்னும் சில தலைமுறைக்குக் கொண்டுபோகும், பிறகு அது தானே தேய்ந்து மறையும். 2021-ல் அமெரிக்காவின் ஃபுளோரிடா கீஸ் தீவுகளில் விட்டது இதைத்தான். பிரேசிலில் ஒரு பெட்டியில் முட்டையை வைத்து விற்கிறார்கள், தண்ணீர் ஊற்றி வீட்டு வாசலில் வைத்தால் போதும். இந்தையாத்தூபா நகரில் ஏடிஸ் கொசு 90 சதவீதத்தை ஒட்டிக் குறைந்ததாக நிறுவனத்தின் ஆய்வு சொல்கிறது.

கொசு குறைந்தது என்பதற்கு ஆதாரம் இருக்கிறது. டெங்கு குறைந்ததா? ஊரைப் பல பகுதிகளாகப் பிரித்து, குலுக்கல் முறையில் சில இடங்களில் மட்டும் கொசு விட்டு, எத்தனை பேருக்கு டெங்கு வந்தது என்று எண்ணிப் பார்த்த பெரிய சோதனை இந்த முறைக்கு இல்லை. என்னைப் பொறுத்தவரை இதுதான் இதன் மிகப் பெரிய குறை. மரபணு பற்றிய பயத்தையெல்லாம் இதற்குப் பிறகுதான் வைப்பேன்.

அந்தப் பயத்தையும் ஒதுக்கவில்லை. பிரேசிலின் ஜக்கோபினா நகரில் முதல் தலைமுறைக் கொசுக்களை வாரத்துக்கு நாலரை லட்சம் என்று 27 மாதம் விட்டார்கள். பிள்ளைகளில் சிறு பங்கு சாகாமல் தப்பும் என்பது முன்பே தெரிந்த விஷயம். 2019-ல் வந்த ஓர் ஆய்வு, ஆய்வகக் கொசுவின் மரபுக்கூறுகள் ஊர்க் கொசுக்களில் கலந்திருக்கின்றன என்று காட்டியது. அதனால் வலிமையான கொசு உருவாகலாம் என்று அதில் சொன்னதற்கு ஆதாரம் போதவில்லை என்று எதிர்ப்பு கிளம்பி, அந்த இதழே எச்சரிக்கைக் குறிப்பு போட வேண்டி வந்தது. கலந்தது உண்மை, ஆபத்து என்று நிரூபணமாகவில்லை. ஆனால் 'எதுவும் மிஞ்சாது' என்று ஊர்க்காரர்களிடம் உறுதி கொடுக்கக்கூடாது என்பது எனக்கு அதிலிருந்து தெளிவானது.

இரண்டாவது வழி வோல்பாக்கியா. இது ஒரு பாக்டீரியா, உலகில் ஏறக்குறைய பாதிப் பூச்சி இனங்களுக்குள் இயற்கையாகவே இருக்கிறது, ஆனால் ஏடிஸ் எஜிப்தியில் இயற்கையாகக் கிடையாது. ஆஸ்திரேலியாவில் ஸ்காட் ஓநீல் குழு பல ஆண்டு போராடி, பழ ஈயிலிருந்து எடுத்து இந்தக் கொசுவின் முட்டைக்குள் ஊசியால் ஏற்றியது. மரபணுவில் கை வைக்கவே இல்லை. வோல்பாக்கியா உள்ளே இருந்தால் டெங்கு வைரஸ் அந்தக் கொசுவில் பெருகத் திணறுகிறது. அதைவிட எனக்கு வியப்பு அது பரவும் விதம்தான். வோல்பாக்கியா உள்ள ஆண், இல்லாத பெண்ணோடு சேர்ந்தால் முட்டை பொரிக்காது. வோல்பாக்கியா உள்ள பெண் எந்த ஆணோடு சேர்ந்தாலும் முட்டை பொரிக்கும், குஞ்சுகள் எல்லாவற்றிலும் வோல்பாக்கியா இருக்கும். ஆகவே ஆணும் பெண்ணுமாகச் சில மாதம் விட்டுவிட்டு நிறுத்தினாலும், அது தானாகவே ஊர் முழுக்க ஏறிக்கொள்ளும். 2011-ல் கெய்ர்ன்ஸ் அருகே விட்டது பத்தாண்டுக்குப் பிறகும் அங்கே நிலைத்திருக்கிறது, அந்த வட்டாரத்தில் உள்ளூர் டெங்கு ஏறக்குறைய நின்றேவிட்டது.

இந்தோனேசியாவின் யோக்யகர்த்தாவில் காஜா மாடா பல்கலைக்கழகத்தின் அடி உத்தாரினி தலைமையில் நடந்த சோதனையைத்தான் நான் எல்லோருக்கும் சொல்கிறேன். ஊரை 24 பகுதியாகப் பிரித்து 12-ல் மட்டும், வீட்டு முற்றங்களில் முட்டை வாளிகளை வைத்தார்கள். 2021-ல் முடிவு வந்தது. வோல்பாக்கியா பகுதிகளில் டெங்கு 77 சதவீதம் குறைவு, மருத்துவமனையில் சேர்க்க வேண்டி வந்தது 86 சதவீதம் குறைவு. இவை கொசுவை எண்ணிச் சொன்னவை அல்ல, காய்ச்சலோடு வந்த மனிதர்களைச் சோதித்துச் சொன்ன எண்கள். அந்த 86 என்ற எண்ணைப் பார்த்தபோது எனக்குத் தங்கை மகன்தான் நினைவுக்கு வந்தான்.

குறை இல்லாமல் இல்லை. ரியோ டி ஜெனிரோவில் டெங்கு 38 சதவீதம்தான் குறைந்தது, அங்கே பல இடங்களில் வோல்பாக்கியா சரியாக ஏறவில்லை. அதே ரியோவில் முன்பு ஒருமுறை முயற்சி தோற்றதற்குக் காரணம், விட்ட கொசுக்களுக்குப் பூச்சிமருந்தைத் தாங்கும் சக்தி இல்லை, ஊர்க் கொசுக்களுக்கு இருந்தது. வீட்டுக்கு வீடு ஸ்பிரே அடித்த ஊரில் புதுக் கொசுதான் முதலில் செத்தது. அப்புறம் வெயில். பழ ஈயிலிருந்து எடுத்த வகை, புழுக்கள் வளரும் தண்ணீர் மிகவும் சூடானால் குறைந்துபோகிறது. மொட்டைமாடி டிரம்மில் சித்திரை வெயிலில் தண்ணீர் எப்படிக் கொதிக்கும் என்று நமக்குத் தெரியும். ஆசியப் புலிக்கொசுவிலிருந்து எடுத்த இன்னொரு வகை சூட்டை நன்றாகத் தாங்குகிறது, மலேசியாவில் அதைத்தான் விட்டார்கள். இன்னொன்று, கடி குறையாது. கடிக்கும் கொசு இருக்கும், நோய் பரப்பும் வேலை மட்டும் குறையும். இதை முன்கூட்டிச் சொல்லாவிட்டால் 'திட்டம் தோல்வி' என்றுதான் தெருவில் பேசுவார்கள். கடி குறைய வேண்டும் என்று கேட்பவருக்கு மரபணுக் கொசுதான் பொருத்தம், அதை மறுக்க மாட்டேன்.

நடுவில் சிங்கப்பூர் ஒரு மூன்றாம் வழி எடுத்தது. வோல்பாக்கியா ஏற்றிய ஆண்களை மட்டும் 2016-லிருந்து விடுகிறார்கள். தப்பித்தவறிப் பெண் கலந்தாலும் முட்டை போடாதபடி எக்ஸ்ரே கொடுக்கிறார்கள். நல்ல பலன், கடியும் குறைகிறது. ஆனால் வாரந்தோறும் விட்டுக்கொண்டே இருக்க வேண்டும், பெரிய கொசுப் பண்ணை வேண்டும், காசு வேண்டும். மரபணுக் கொசுவுக்கும் இதே கதைதான். நிறுத்தினால் பக்கத்து வார்டிலிருந்து வந்தும், காய்ந்து கிடக்கும் முட்டையிலிருந்து பொரித்தும் பழையபடி ஏறிவிடும்.

என் முடிவு இந்த இடத்தில்தான் நிற்கிறது. ஒவ்வொரு மழைக்காலத்துக்கும் முன்னால் ஒரு நிறுவனத்திடமிருந்து கொசுவைத் திரும்ப வாங்க நம் நகராட்சிகளால் முடியுமா? ஒரு வருடம் நிதி வராமல் போனால் அந்த வருடப் பிள்ளைகளுக்கு என்ன பதில்? ஒருமுறை விட்டு நிலைத்துவிடும் வோல்பாக்கியாதான் நம் மாதிரி ஊருக்கு ஏற்றது என்று நினைக்கிறேன். நிலைத்துவிடுகிறது என்றால் திரும்ப எடுக்க முடியாது என்றும் பொருள், அதை மறைக்கக்கூடாது. நிறுத்தினால் மறைந்துவிடுவது மரபணுக் கொசுவின் பலம், அதற்கு எதிராக இதைத் தட்டில் வைத்துத்தான் பார்க்க வேண்டும். நான் பார்த்துவிட்டுத்தான் சொல்கிறேன்.

மரபணுக் கொசுவை நான் ஆதரிக்கும் இடமும் உண்டு. சென்னையின் கிணறுகளிலும் மேல்நிலைத் தொட்டிகளிலும் வளர்ந்து மலேரியா பரப்பும் அனோபிலிஸ் ஸ்டீபன்சி, ஆப்பிரிக்காவின் ஜிபூட்டிக்குப் புதிதாகப் போய்ச் சேர்ந்தது. அங்கே 2012-ல் 27 ஆக இருந்த மலேரியா 2020-ல் 73,000-ஐ ஒட்டியது. வந்தேறிய இனத்தை ஒழிப்பதுதான் அங்கே தேவை, 2024-ல் மரபணு மாற்றிய ஆண் ஸ்டீபன்சியை விடத் தொடங்கியது சரியான முடிவு.

இந்தியாவுக்கு இதில் பழைய காயம் ஒன்று இருக்கிறது. 1970-களில் உலக சுகாதார நிறுவனமும் இந்திய மருத்துவ ஆராய்ச்சிக் கவுன்சிலும் டெல்லியில் சேர்ந்து நடத்திய பிரிவு, அரியானாவின் சோனிபட்டில் மலட்டு ஏடிஸ் ஆண்களை விட இருந்தது. அமெரிக்கப் பணம், உயிரியல் போருக்கான ஒத்திகை என்று பத்திரிகைகளில் எழுந்த சந்தேகத்தில், 1975-ல் அது விடப்படாமலே நின்றது. மக்களிடம் முதலிலேயே உட்கார்ந்து பேசியிருந்தால் என்று ஒவ்வொரு முறையும் தோன்றும். யோக்யகர்த்தாவில் அந்த வாளியை வீட்டில் வைக்க ஆள்கள் முன்வந்தார்கள் என்பதையும் சேர்த்துத்தான் அந்த 77 சதவீதத்தைப் படிக்க வேண்டும்.

புதுச்சேரியில் மருத்துவ ஆராய்ச்சிக் கவுன்சிலின் நோய்க்கடத்திக் கட்டுப்பாட்டு மையம், ஆஸ்திரேலியாவிலிருந்து வந்த முட்டைகளை உள்ளூர் ஏடிஸோடு இனக்கலப்புச் செய்து, இரண்டு வகை வோல்பாக்கியாவிலும் புதுச்சேரிக் கொசுவை உருவாக்கியிருப்பதாக 2022-ல் அறிவித்தது. ரியோவில் நடந்த தவறு இங்கே முன்பே தவிர்க்கப்பட்டிருக்கிறது, வெயில் தாங்கும் வகையும் கையில் இருக்கிறது. அரசு அனுமதி கிடைத்தால்தான் வெளியே விட முடியும் என்றும் அப்போதே சொன்னார்கள். அப்படி விடும் நாளில் முதல் வாளியை வைக்க எங்கள் வீட்டு மொட்டைமாடி இருக்கிறது, தங்கையும் சம்மதம் சொல்லியிருக்கிறாள்.