முடக்க காலத்தில் வாங்கிய ஸ்கிப்பிங் கயிறு: பாவித்தபின் எழுதுவது

கொரோனாவால் பாடசாலைகள் மூடப்பட்டு, 2020 மார்ச் 20ஆம் திகதி ஊரடங்குச் சட்டமும் வந்தபின், இலங்கை மலைநாட்டின் நானுஓயாப் பக்கம் நாள்தோறும் நான் ஏறி இறங்கிய இரண்டு கிலோமீற்றர் பாதை எனக்கு இல்லாமற் போனது. கட்டுப்பாடுகள் தளர்ந்த ஜூன் மாதத்தில் நகரத்துக் கடையொன்றில் 650 ரூபாவுக்கு ஒரு ஸ்கிப்பிங் கயிறு வாங்கினேன். 2021 ஒக்டோபரில் கடைசி முடக்கம் நீங்கும்வரை அதைப் பாவித்தவள் என்ற முறையில் இதை எழுதுகிறேன்.

உள்ளே மெல்லிய உருக்குக் கம்பி, மேலே கறுப்பு பிளாஸ்டிக் உறை, பஞ்சு போன்ற கைப்பிடிகள், வலது பிடியில் சுற்றுகளை எண்ணும் சிறு கருவி. கயிற்றின் நடுவில் மிதித்துக்கொண்டு இரு முனைகளையும் உயர்த்தினால் பிடிகள் அக்குள்வரை வரவேண்டும். எனக்கு ஒரு முழம் மிச்சமாக இருந்ததால் குறட்டால் வெட்டிச் சரிசெய்தேன்.

முதற்குறை குளிரோடு வந்தது. இத்தகைய பிளாஸ்டிக் குளிரில் விறைத்துவிடும். கீழ்நாட்டில் அது ஒரு பொருட்டாக இராது. எங்கள் பக்கத்து விடியற்காலையிலோ, பெட்டிக்குள் சுருண்டிருந்த அதே வளையங்களோடு கயிறு எழுந்து நின்று, ஒவ்வொரு சுற்றிலும் கணுக்காலைத் தட்டியது. சுடுதண்ணீரில் சிறிது நேரம் போட்டு நீட்டியெடுத்து, அன்றிலிருந்து அடுப்படிச் சுவரில் ஆணியடித்துத் தொங்கவிட்ட பிறகே அது வழிக்கு வந்தது.

எண்ணும் கருவியைப் பற்றிப் பெரிதாகச் சொல்ல ஒன்றுமில்லை. கயிற்றைச் சும்மா சுழற்றினாலும் எண்ணியது. இரண்டு மாதத்தில் 417இல் நின்றுவிட்டது.

தரைதான் உண்மையான பிரச்சினை. சொரசொரப்பான சீமெந்து வாசலில் உறை தேய்ந்து, ஐந்தாம் மாதத்தில் நடுப்பகுதியில் கம்பி வெளியே தெரிந்தது. அந்த முனை காலில் பட்டால் கிழித்துவிடும் என்பதால் டேப் சுற்றினேன். அதன்பின் பழைய சாக்கை நான்காக மடித்து விரித்தே குதித்தேன். மழைக் காலத்தில் உள்ளே வந்தால் கயிறு தகரக் கூரையில் அடிக்கும். அந்தச் சத்தம் சுவருக்கு அப்பாலுள்ள வீட்டுக்கும் கேட்கும் என்பதால், லயத்தில், அதாவது தேயிலைத் தோட்டத்து வரிசை வீடுகளில், இருப்பவர்கள் நேரம் பார்த்தே குதிக்க வேண்டும்.

பக்கத்து வீட்டு அக்கா கொழுந்துக் கூடையோடு திரும்பிவரும்போது ஒருநாள் நின்று பார்த்தார். "டீச்சர், கூடையக் கட்டிக்கிட்டு ரெண்டு ஏத்தம் ஏறுங்க, கயிறே வேணாம்," என்றார். ஊரடங்கிலும் தோட்ட வேலை நிற்கவில்லை. அவர்களுக்கு நடை குறையவுமில்லை. உட்கார்ந்தே இருந்தவர்கள் என்னைப் போன்றோர்தாம். சூம் வகுப்புக்குச் சிக்னல் தேடி மேட்டுக்கு ஏறிய என் மாணவர்கள்கூட என்னைவிட அதிகம் நடந்திருப்பார்கள்.

உலக சுகாதார ஸ்தாபனம் 2020 நவம்பரில் வெளியிட்ட வழிகாட்டலில் வளர்ந்தோருக்குக் கிழமைக்கு 150 முதல் 300 நிமிட மிதமான உடலுழைப்பு, அல்லது 75 முதல் 150 நிமிடக் கடும் உழைப்பு என்று கூறப்பட்டுள்ளது. ஸ்கிப்பிங் இரண்டாவது வகையைச் சேர்ந்தது. நாளுக்கு 15 நிமிடமாக ஐந்து நாட்கள் குதித்தால் 75 நிமிடம் வந்துவிடும். சொல்வது எளிது. முதல் கிழமை முப்பது சுற்றுக்கே மூச்சு வாங்கியது. ஆடுசதை வலியால் படியிறங்கப் பக்கச் சுவரைப் பிடிக்க வேண்டியிருந்தது. முப்பது சுற்று, ஒரு நிமிட ஓய்வு என்று பிரித்துக்கொண்ட பின்னர்தான் மூன்றாம் மாதத்தில் அந்தப் பதினைந்து நிமிடம் கைகூடியது. முழங்கால் நோ உள்ளவர்களுக்கு இதை நான் பரிந்துரைக்க மாட்டேன்.

ஆறடி இடத்தில் மூச்சு வாங்க வைக்கும் பொருளுக்கு அன்று 650 ரூபா அதிகமாக இருக்கவில்லை. ஆனால் மலைநாட்டில் வாங்குபவர்கள் கம்பி வைத்ததை விட்டுவிட்டு, எண்ணும் கருவியில்லாத பருத்திக் கயிற்றைக் கேட்டு வாங்குவது நல்லது; வேகம் சற்றுக் குறைவானாலும் அது குளிரில் விறைக்காது. என்னுடையது இன்னும் அடுப்படி ஆணியில்தான் தொங்குகிறது, நடுவில் டேப்போடு.