காசிமேட்டின் 'ரேஸ் மாடல்' ஃபைபர் படகு: வாங்கலாமா?

சென்னை காசிமேடு மீன்பிடித் துறைமுகத்தை ஒட்டியுள்ள பட்டறைகளில் ஒன்று, 28 அடி நீளமுள்ள ஃபைபர் படகு ஒன்றை 'ரேஸ் மாடல்' என்ற பெயரில் விற்கிறது. என் மைத்துனர் வாங்கிய அந்தப் படகில் நானும் கடலுக்குப் போயிருக்கிறேன். "வெளிநாட்டு ரேஸ் போட் டிசைன்ணே, தண்ணிய கிழிச்சிக்கினு போவும்" என்பது பட்டறையில் சொல்லப்படும் விளக்கம். அதில் வேகத்தைப் பற்றிய பாதியில் எனக்குப் பெரிய சண்டை இல்லை. டிசைனைப் பற்றிய பாதிதான் சிக்கல்.

முதலில் வேலைப்பாடு. மேல்பூச்சு வழவழப்பாக இருக்கிறது, காற்றுக் கொப்புளங்கள் இல்லை. ஐந்து ரூபாய் நாணயத்தால் அணியத்திலிருந்து (முன்முனை) அமரம் (பின்முனை) வரை தட்டிக்கொண்டே வந்தபோது எங்கும் 'டங்'கென்று கேட்டது. எஞ்சின் மாட்டும் பலகைக்குக் கீழ் மூலையில் மட்டும், உள்ளங்கை அளவு இடத்தில், சத்தம் மழுங்கி வந்தது. உள்ளே கண்ணாடி இழை விரிப்பான 'மேட்'டும் அதை ஒட்டும் பசையான ரெசினும் சரியாக ஒட்டவில்லை என்பதற்கு அது அடையாளம். சுட்டிக்காட்டியதும் அந்த இடத்தை வெட்டியெடுத்து, காசு கேட்காமல் புதிதாகப் பூசிக் கொடுத்தார்கள். இந்த அளவில் பட்டறையைப் பாராட்டியே ஆக வேண்டும்.

வேகமும் பொய்யில்லை. நீரைத் தள்ளிக்கொண்டு போகும் எந்தப் படகுக்கும் அதன் நீர்க்கோட்டின் நீளமே வேக வரம்பாகிறது. அந்த நீளம் 25 அடி என்றால், அதன் வர்க்கமூலமான 5-ஐ 1.34-ஆல் பெருக்க, மணிக்கு 6.7 கடல் மைல் என்று வரும். அதற்கு மேல் போக வேண்டுமானால் படகு தன் அலையின் மீது ஏறிச் சறுக்க வேண்டும், அதற்கு எடை குறைவாகவும் அடிப்பகுதி தட்டையாகவும் இருந்தாக வேண்டும். இந்தப் படகில் மேட் அடுக்குகளைக் குறைத்து எடையைக் குறைத்திருக்கிறார்கள், அகலத்தை அமரம் வரை குறுகாமல் கொண்டுபோயிருக்கிறார்கள், அடியைத் தட்டையாக்கியிருக்கிறார்கள். வெற்றாக ஓட்டியபோது ஜிபிஎஸ் 9 கடல் மைலைத் தாண்டிக் காட்டியது. வலையும் ஐஸும் ஆட்களும் ஏறியவுடன் பழைய படகுக்கும் இதற்கும் பெரிய வித்தியாசம் தெரியவில்லை என்பது வேறு விஷயம்.

இனி 'ரேஸ் டிசைன்' என்ற சொல்லுக்கு வருவோம். தனியாளாக உலகைச் சுற்றும் வாந்தே குளோப் போட்டியில் ஓடும், இமோகா என்ற வகையைச் சேர்ந்த 60 அடிப் பாய்மரப் படகுகளைப் படத்தில் பார்த்தால், அகலமான அமரமும் தட்டையான அடியும் உண்மையிலேயே இந்தச் சாயலில்தான் இருக்கும். ஆனால் படத்தில் தெரியாத ஒன்று நீருக்குள்ளே இருக்கிறது. அந்தப் படகுகளின் ஏராவில், அதாவது அடியிலிருந்து நீருக்குள் இறங்கும் தண்டில், கனமான எடைக்குண்டு ஒன்று தொங்குகிறது, நீர்மட்டத்திலிருந்து 4.5 மீட்டர் ஆழம் வரை அது இறங்கலாம், பக்கவாட்டில் சாய்க்கவும் முடியும். மேலே உள்ள தட்டை உடல் வேகத்தைத் தர, கீழே உள்ள எடை படகை நிமிர்த்திப் பிடிக்கிறது. காசிமேட்டுப் பட்டறை மேல்பாதியை மட்டும் அச்செடுத்திருக்கிறது. கரையில் இழுத்தேற்றும் படகில் அப்படியொரு ஏராவைப் பொருத்தவும் முடியாது என்பதால், இது பட்டறை சரிசெய்துவிடக்கூடிய குறையும் அல்ல.

அந்த எடையை வைத்துக்கொண்டே பந்தயக்காரர்கள் பட்ட பாடு சிறிதல்ல. 1979-ஆம் ஆண்டு இங்கிலாந்தின் ஃபாஸ்ட்நெட் பாய்மரப் போட்டியில் கிளம்பிய 303 படகுகளைப் புயல் சிதறடித்தது; 15 போட்டியாளர்கள் இறந்தனர், 5 படகுகள் மூழ்கின, இன்னும் பலவற்றை ஆட்கள் கடலிலேயே கைவிட்டுத் தப்பினர். அதன் பிறகு நடந்த ஆய்வுகள், எடை குறைந்து அகலம் கூடிய படகுகள் எளிதாகக் கவிழ்கின்றன, கவிழ்ந்தால் நிமிரத் தயங்குகின்றன என்பதைக் கணக்காகவே காட்டின. 1996–97 வாந்தே குளோப்பில் இதுவே மறுபடி நடந்தது. ஏரா முறிந்து தலைகீழாகிவிட்ட தன் படகுக்குள் டோனி புல்லிமோர் ஏறத்தாழ 4 நாட்கள் உயிரோடு கிடந்தார். ஆஸ்திரேலியக் கடற்படை வந்து மீட்டது. முழுவதும் கவிழ்ந்தாலும் திரும்ப நிமிரும் என்று சோதித்துக் காட்டிய பிறகே இமோகா படகுகளை இன்று போட்டிக்கு விடுகிறார்கள். அப்படியிருந்தும் 2020-இல் கெவின் எஸ்கோஃபியேயின் படகு அலையில் இறங்கும்போது இரண்டாக மடங்கியது.

எதிர்ப்பக்கத்தையும் சொல்ல வேண்டும். 2018-இல் நம் கடற்படை அதிகாரி அபிலாஷ் டோமி, தனியாளாக உலகைச் சுற்றும் இன்னொரு போட்டியான கோல்டன் குளோப்புக்குக் கொண்டுபோனது பழைய பாணிப் பாய்மரப் படகு. தென் இந்தியப் பெருங்கடலில் அது உருண்டு, பாய்மரம் முறிந்து, அவருக்கு முதுகெலும்பில் பலத்த அடிபட்டது. ஆனால் படகு நிமிர்ந்து மிதந்துகொண்டிருந்தது, மீட்பவர்கள் வரும் வரை அவர் அதிலேயே இருந்தார். அடுத்த போட்டியில் அதே வகையைச் சேர்ந்த 36 அடிப் படகில், சுமார் 236 நாட்களில் உலகைச் சுற்றி 2023-இல் இரண்டாமிடம் பெற்றார். 2025 தொடக்கத்தில் ஷார்லி தாலேன் இமோகா படகில் 65 நாட்களுக்குள் சுற்றிவிட்டார். வேகமான படகு வானிலை அறிக்கையைப் பார்த்துப் புயலை விட்டு விலகி ஓடிவிடலாம் என்று பந்தயக்காரர்கள் சொல்வது நியாயமான வாதம்தான். வலையைக் கடலில் விரித்துவிட்டுக் காத்திருப்பவருக்கு அந்த வாதம் எந்த அளவுக்குப் பொருந்தும்?

எங்கள் படகில் கண்டதைச் சொல்கிறேன். முதல் சில பாகை சாயும்வரை இது பழைய படகைவிட அசையாமல் நிற்கிறது, அதனால் ஆட்களுக்குத் தைரியம் வந்துவிடுகிறது. வலையை ஒரே பக்கம் நின்று இழுத்தபோது அதோடு ஏறிய நீர், தட்டையான அடியில் தடையில்லாமல் அந்தப் பக்கமே ஓடிக் கணுக்கால் வரை தேங்கியது. படகு திரும்ப நிமிர்வதற்கு எடுத்துக்கொண்ட நேரம் எனக்குப் பிடிக்கவில்லை. பழைய அச்சில் அடி சற்றுக் கூர்ந்திருப்பதால் நீர் நடுவில் சேரும், அங்கிருந்தே இறைத்துவிடலாம். வாடைக் காற்றில் துறைமுக வாயைத் தாண்டி எதிரலையில் போகும்போது தட்டை அடி 'தொம் தொம்' என்று மோதுகிறது. உடனே எஞ்சினைக் குறைத்தாக வேண்டும், காசு கொடுத்து வாங்கிய வேகம் அங்கேயே போய்விடுகிறது.

மிதவை அறை அணியத்தில் மட்டும் இருக்கிறது. நீர் நிரம்பினால் அமரம் எஞ்சினோடு கீழே போய், படகு செங்குத்தாகத்தான் நிற்கும். கட்டுமரத்தில் இந்தக் கேள்வியே எழுந்ததில்லை, நிரம்புவதற்கு அதில் இடம் ஏது! அமரத்தின் இரு பக்கமும் ஃபோம் அடைத்த மூடிய அறைகளும், அடியில் நீர் ஓடாதபடி நீளவாக்கில் இரண்டு தடுப்புகளும் கட்டாயம் வேண்டும். கேட்டால் பட்டறையில் செய்து தருகிறார்கள், ஆனால் தனிக் கட்டணம். சொல்லாமலே செய்ய வேண்டிய வேலைக்குத் தனியாகப் பணம் வாங்குவது சரியல்ல.

விடியலில் போய் வெயில் ஏறுவதற்குள் கரை திரும்பும் தூண்டில்காரர்களுக்கு, மேற்சொன்ன மாற்றங்களோடு, இந்தப் படகு உதவும். இரவுத் தங்கலுக்கு வலையோடு போகிறவர்களும், எண்ணூர் முகத்துவாரம் வழியாக அலை உடையும் இடத்தில் வந்து போகிறவர்களும் வாங்க வேண்டாம். பழைய கூர் அடி அச்சு அதே பட்டறையில் இன்னும் இருக்கிறது. கேட்பவர்களுக்கு அதிலும் வார்த்துத் தருகிறார்கள், விலையும் இதைவிடக் குறைவு.