நைட் டிரெஸ்ஸுக்கு மேலே யூனிஃபார்ம்: எங்கள் வீட்டில் ‘ஹலோ ரூபி’

பாப்பாவை ஒன்றாம் வகுப்பில் சேர்த்த மாதத்திலிருந்தே கோடிங் வகுப்புக்காரர்கள் போன் செய்ய ஆரம்பித்துவிட்டார்கள். ஆறு வயதில் ஆப் செய்யலாம், பத்து வயதில் கம்பெனியே ஆரம்பிக்கலாம் என்கிற ரீதியில் பேச்சு. தொல்லை தாங்காமல் ஒரு சனிக்கிழமை இலவச டெமோவுக்கு அவளை உட்காரவைத்தேன். திரையில் இருந்த அண்ணன் சொன்ன கட்டத்தைச் சொன்ன இடத்துக்கு இழுத்துவிட்டாள், ஒரு வாத்து நடந்தது, அவர் கை தட்டினார், அப்புறம் என்னிடம் வருடக் கட்டணத்தைச் சொன்னார். முடிந்ததும் “வாத்து ஏன் கண்ணு நடந்துச்சு?” என்று கேட்டேன். “அந்த அண்ணா இழுக்கச் சொன்னாங்க” என்றாள். அதோடு அந்த நம்பரை பிளாக் செய்துவிட்டேன். இத்தனைக்கும் 2020 தேசியக் கல்விக் கொள்கையே கோடிங்கை ஆறாம் வகுப்பில் ஆரம்பிக்கும் நடுநிலைக்குத்தான் சொல்கிறது. ஆறாம் வகுப்பு என்பதை ஆறு வயது என்று படித்துவிட்டார்கள் போல.

இதை ஆபீஸில் புலம்பிக்கொண்டிருந்தபோதுதான் கூட வேலை பார்க்கும் ஒருவர், தன் பையன் படித்து முடித்த ‘ஹலோ ரூபி’ முதல் புத்தகத்தைக் கொண்டுவந்து கொடுத்தார். கோடிங்குக்குப் பின்னால் இருக்கும் யோசனையைக் கதையாகவும் விளையாட்டாகவும் சொல்லும் குழந்தைகளுக்கான படப் புத்தக வரிசை அது. அப்புறம் இரண்டாவதையும் மூன்றாவதையும் நானே காசு போட்டு வாங்கினேன். மூன்றையும் ஒரு வருடமாகப் படித்து, கிழித்து, மறுபடி ஒட்டிய அனுபவத்தில்தான் இதை எழுதுகிறேன்.

எழுதியவரும் படம் வரைந்தவரும் ஒருவரே: பின்லாந்தின் ஹெல்சின்கியைச் சேர்ந்த லிண்டா லியூகாஸ். பெண்களுக்கு வார இறுதியில் புரோகிராமிங்கின் அடிப்படையைச் சொல்லிக்கொடுக்கும் ‘ரெயில்ஸ் கேர்ள்ஸ்’ என்ற இயக்கத்தை 2010-ல் ஆரம்பித்தவர்களில் ஒருவர். தானே புரோகிராமிங் படிக்கும்போது புரியாத சொல் வந்தால் ‘இதை ஒரு சின்னப் பெண் எப்படிச் சொல்லுவாள்’ என்று யோசித்து நோட்டில் வரைய ஆரம்பித்திருக்கிறார், அந்தச் சின்னப் பெண்தான் ரூபி. பெயர்கூட ரூபி என்ற புரோகிராமிங் மொழியின் பெயர்தான். 2014 ஜனவரியில், பொதுமக்களிடம் பணம் திரட்டும் கிக்ஸ்டார்ட்டர் இணையதளத்தில் 10,000 டாலர் வேண்டும் என்று கேட்டார், 3,80,000 டாலருக்கு மேல் வந்து விழுந்தது. முதல் புத்தகம் 2015-ல் வந்தது, இன்று 20-க்கும் மேற்பட்ட மொழிகளில் இருக்கிறது. என் கையில் இருப்பது ஆங்கிலப் பதிப்பு. ராத்திரி படுக்கையில் நான் வாசித்து வாசித்துத் தமிழில் சொல்லுவேன்.

கதை இதுதான். ரூபியின் அப்பா வெளியூர் போயிருக்கிறார், ஐந்து ரத்தினங்களை ஒளித்துவைத்திருப்பதாக ஒரு குறிப்பு விட்டுச் சென்றிருக்கிறார். அவள் தேடிப் போகிறாள். வழியில் பென்குவின்கள், நரிகள், பச்சை ரோபோக்கள், ஒரு பனிச்சிறுத்தை. உண்மையைச் சொன்னால் கதையாகப் பார்த்தால் சுமார்தான். ரூபி ஒரு இடத்திலிருந்து அடுத்த இடத்துக்குப் போகிறாள், யாரையோ பார்க்கிறாள், மறுபடி போகிறாள். ரத்தினம் கிடைக்குமா கிடைக்காதா என்ற பதைப்பு எங்குமே வரவில்லை. எங்கள் அம்மாயி (பாட்டி) சொல்லும் நரிக் கதை ஒன்றுக்கு இது முழுதும் ஈடாகாது, பாப்பாவே இரண்டாவது ராத்திரி நடுவில் தூங்கிவிட்டாள்.

ஆனால் முதல் சில பக்கங்களில் ரூபியை அறிமுகப்படுத்தும் இடம் இருக்கிறதே, அதற்காகவே முழு விலையையும் கொடுக்கலாம். ரூபிக்கு யார் எதைச் சொன்னாலும் அதை அப்படியே செய்வாள், சொல்லாததைச் செய்யமாட்டாள். பள்ளிக்குக் கிளம்ப உடை போட்டுக்கொள் என்று அப்பா சொன்னால் போட்டுக்கொள்வாள், ஆனால் பைஜாமாவைக் கழற்றமாட்டாள், ஏனென்றால் அவர் அதைச் சொல்லவில்லை. பொம்மைகளை எடுத்து வை என்றால் பென்சிலை அங்கேயே விட்டுவிடுவாள், பென்சில் பொம்மை இல்லையே.

இதைத் தமிழில் சொன்னபோது முதலில் நகைச்சுவை செத்துவிட்டது. ஏன் என்று பிறகுதான் உறைத்தது. நாம் வீட்டில் “டிரெஸ்ஸை மாத்து” என்கிறோம். மாற்று என்ற சொல்லுக்குள்ளேயே கழற்றுவதும் இருக்கிறது, போடுவதும் இருக்கிறது. ரூபிக்கே சந்தேகம் வந்திருக்காது. மறுநாள் ராத்திரி “யூனிஃபார்ம் போட்டுக்கோ” என்று மாற்றிச் சொன்னேன், பாப்பா விழுந்து விழுந்து சிரித்தாள். அதற்கு அடுத்த நாள் காலை, வேன் வரப் பத்து நிமிடம் இருக்கும்போது, நைட் டிரெஸ்ஸுக்கு மேலே யூனிஃபார்ம் மாட்டிக்கொண்டு வந்து நின்றாள். “நீ சொல்லவே இல்லியே!”

அந்த வாரம் முழுக்க வீடு ரணகளம். பேஸ்ட் வைத்துப் பல் தேய்க்கச் சொன்னால் தேய்த்துவிட்டு நுரையோடு நிற்பாள், கொப்பளிக்கச் சொல்லவில்லையாம். கை கழுவிவிட்டு வா என்றால் ஈரம் சொட்டச் சொட்ட வருவாள், குழாயும் ஓடிக்கொண்டிருக்கும். என் வீட்டுக்காரர் “இந்தப் புத்தகத்தைத் தூக்கிப் பரண்ல போடு” என்றார். எனக்கோ உள்ளுக்குள் சந்தோஷம் தாங்கவில்லை. நான் 11 வருடமாக சாஃப்ட்வேர் டெஸ்டிங்கில் இருக்கிறேன். என் வேலையே இதுதான்: புரோகிராம் சொன்னதைச் செய்திருக்கும், எழுதியவர் நினைத்ததைச் செய்திருக்காது, அந்த இரண்டுக்கும் நடுவில் எங்கே ஓட்டை என்று தேடுவது. புதிதாக வேலைக்கு வரும் பிள்ளைகளுக்கு இதைப் புரியவைக்க எனக்கு மாதக்கணக்கில் ஆகிறது, ஆறு வயதுக்காரி ஈரக் கையோடு வந்து எனக்கே வேடிக்கை காட்டுகிறாள்.

அப்புறம் அவளையே அம்மாவாக்கி, என்னை ரூபியாக்கி விளையாடினோம். தோசை சுடச் சொன்னாள். “மாவு ஊத்து.” ஊற்றினேன், அடுப்பு பற்றவைக்கவில்லை. “அய்யோ, முதல்ல அடுப்பு!” பற்றவைத்தேன், கல்லை வைக்கவில்லை. (மாவு நிஜம் இல்லை, பயப்படாதீர்கள்.) நான்காவது தடவையில்தான் தோசை ஒழுங்காக வந்தது, திருப்பிப் போடுவதை அப்போதும் மறந்திருந்தாள்.

பின்லாந்தில் 2016-ல் வந்த புதிய பாடத்திட்டம் முதல் வகுப்பிலிருந்தே புரோகிராமிங்கைச் சேர்த்தது. அதற்குத் தனிப் பாடம் இல்லை, சின்ன வகுப்புகளில் அவர்கள் எதிர்பார்ப்பதும் ஏறக்குறைய இந்தத் தோசை விளையாட்டைத்தான்: படிப்படியாக, குழப்பமில்லாமல் கட்டளை சொல்லப் பழகுவது. அந்த ஊர்ப் புத்தகம் இப்படி இருப்பதில் ஆச்சரியமே இல்லை.

புத்தகத்தின் பின்பாதி முழுக்கப் பயிற்சிகள், பெற்றோருக்கான குறிப்புகளோடு. சரக்கு எல்லாம் அங்கேதான். கணினி எதுவும் தேவையில்லை, பென்சில், தாள், கை கால் போதும். எங்கள் வீட்டில் சூப்பர் ஹிட் ஆனது நடனம்: கை தட்டு, காலை உதை, குதி, இதை இத்தனை தடவை திரும்பச் செய். இப்படித் திரும்பத் திரும்பச் செய்வதற்குத்தான் லூப் என்று பெயர். ஒரு எண் வரைக்கும் திரும்பச் செய்வது ஒரு வகை, ஏதோ ஒன்று நடக்கும் வரைக்கும் செய்வது இன்னொரு வகை. இரண்டாவதற்கு ‘அம்மாயி ரூமுக்குள் வரும் வரைக்கும் குதி’ என்று வைத்துக்கொண்டோம். அம்மாயி அன்றைக்குப் பார்த்துப் பக்கத்து வீட்டுத் திண்ணையில் உட்கார்ந்து பேச ஆரம்பித்துவிட்டார். முடிவே இல்லாத லூப் என்றால் என்ன என்று அன்று என் முட்டிக்கே தெரிந்தது.

லூப் பற்றி இன்னொன்று. நம் வீட்டு வாசலில் தினமும் காலையில் அதைத்தான் போடுகிறார்கள், எனக்கு இந்தப் புத்தகம் வந்த பிறகுதான் கண்ணில் பட்டது. “ஏழு புள்ளி, ஊடுபுள்ளி நாலு” என்று அம்மாயி சொன்னால் என்ன அர்த்தம்? நடுவில் ஏழு வை, இரண்டு பக்கமும் ஒவ்வொன்றாகக் குறைத்துக்கொண்டே போ, நாலு வந்ததும் நிறுத்து. நாலே சொல்லில் ஒரு முழுப் புரோகிராம். பாப்பா புள்ளி வைத்தாள், அம்மாயி கோடு இழுத்தார், “இதுக்கா காசு குடுத்து புஸ்தகம் வாங்குனே?” என்று என்னைக் கேட்டார். நியாயமான கேள்வி. சும்மா பெருமைக்குச் சொல்லவில்லை, கிஃப்ட் சிரோமணி, ராணி சிரோமணி, கமலா கிருதிவாசன் மூவரும் 1974-லேயே கோலத்தை வைத்துக் கணினி அறிவியலில் ஆய்வுக் கட்டுரை எழுதியிருக்கிறார்கள், படங்களை உருவாக்கும் விதிகளை, அதாவது ‘இலக்கணங்களை’ப் பற்றி. நம்மூரில் யாராவது பாவைக்கோலத்தையோ சிக்குக் கோலத்தையோ வைத்து இப்படி ஒரு படப் புத்தகம் போட்டால் முதல் பிரதி எனக்கு.

குறைக்கு வருகிறேன். பாத்திரங்களில் பாதி பெரியவர்களுக்கான ஜோக். பென்குவின் என்றால் லினக்ஸ் இயங்குதளம், நரி என்றால் ஃபயர்பாக்ஸ் பிரவுசர், பச்சை ரோபோ ஆண்ட்ராய்டு, யாரோடும் சேராத அழகான பனிச்சிறுத்தை ஆப்பிள். நான் சிரித்தேன், பாப்பாவுக்கு அது வெறும் சிறுத்தை. அதிலும் ஸ்நோ லெப்பர்ட் என்பது 2009-ல் வந்த மேக் இயங்குதளத்தின் பெயர், இன்றைக்கு முப்பது வயதைத் தாண்டாத அப்பா அம்மாவுக்கே அது எட்டாது. பயிற்சிகளில் சில ஆறு வயதுக்கு ரொம்பச் சுலபம், சில ஒன்பது வயதுக்குக்கூடக் கஷ்டம், எது எதற்கு என்று புத்தகம் பிரித்துக் காட்டுவதில்லை. முக்கியமாக, குழந்தையிடம் கொடுத்துவிட்டு நீங்கள் சீரியல் பார்க்கலாம் என்று நினைத்தால் வேண்டாம். பக்கத்தில் உட்கார்ந்தால்தான் இந்தப் புத்தகம் வேலை செய்யும், தனியாக விட்டால் கலர் அடித்து வைத்துவிடுவார்கள்.

இரண்டாவது புத்தகம் முதலாவதைவிட நன்றாக இருக்கிறது என்பது என் கட்சி. காணாமல் போன கர்சரை (திரையில் நகரும் அம்புக்குறியை) தேடி ரூபியும் அவள் தோழன் மவுஸும் கணினிக்குள்ளேயே போகிறார்கள். கர்சருக்கு என்ன ஆயிற்று என்ற கேள்வி இருப்பதால் கதையும் கொஞ்சம் விறுவிறுப்பு. கணக்குப் போடும் சி.பி.யூ, தற்காலிக நினைவகமான ராம், படம் காட்டும் ஜி.பி.யூ என்று உள்ளே இருப்பவை எல்லாம் ஆட்களாக வருகின்றன. ராம் என்றதும் எங்கள் வீட்டில் என்ன நடந்திருக்கும் என்று உங்களுக்கே தெரியும். “வில்லு எங்கம்மா?” இந்த ராமுக்கு வில் இல்லை, கரண்ட் போனால் எல்லாவற்றையும் மறந்துவிடுவார் என்றேன். அன்றிலிருந்து கரண்ட் போகும்போதெல்லாம் “ராம் மறந்துட்டார்!” என்று கத்துகிறாள். பாட்டரி இருக்கும் லேப்டாப்பில் அப்படி ஆகாது என்பதை இன்னும் சொல்லவில்லை, கொஞ்ச நாள் போகட்டும்.

இதில் ஒரு காகிதக் கணினி உண்டு. வெட்டி, மடித்து, உள்ளே சி.பி.யூ-வையும் ராமையும் ஒட்டி, திரையில் என்ன தெரியவேண்டும் என்று குழந்தையே வரையவேண்டும். எங்கள் வீட்டுக் கணினியில் ஒரே ஒரு ஆப்தான் இருக்கிறது, முறுக்கு ஆர்டர் செய்வதற்கு. மூன்று பட்டன்: அம்மாயி, தாத்தா, கடை. அம்மாயியை அழுத்தினால் எவ்வளவு நேரம் ஆகும் என்று கேட்டேன், யோசித்துவிட்டு “அம்மாயி தூங்கிட்டு இருந்தா கடை பட்டன் தானா அமுங்கிரும்” என்றாள். டெமோ வகுப்பில் வாத்து நடந்ததற்குக் காரணம் சொல்லத் தெரியாத அதே பிள்ளை.

மூன்றாவது, இன்டர்நெட் பற்றியது. ரூபியும் அவள் நண்பர்கள் ஜூலியாவும் ஜாங்கோவும் பனியில் ஒரு இன்டர்நெட் கட்டுகிறார்கள். பனியையே பார்க்காத கோயம்புத்தூர்ப் பிள்ளைக்கு இது ஒட்டவில்லை. பக்கத்தில் வீடு கட்டக் கொட்டியிருந்த எம்-சாண்டில் ஒரு தடவை முயற்சி செய்தோம், மேஸ்திரி விரட்டிவிட்டார். வாங்கியே ஆகவேண்டும் என்று சொல்லமாட்டேன்.

விலை? இறக்குமதிப் புத்தகம், கெட்டி அட்டை, நம்மூர்ப் படப் புத்தகங்களோடு ஒப்பிட்டால் கடிக்கத்தான் செய்யும். அவ்வளவு கொடுத்து வாங்கிவிட்டுப் பயிற்சிப் பக்கத்தில் பென்சில் வைக்க மனசு வராது. நான் ஜெராக்ஸ் எடுத்துக்கொடுத்தேன். ஒரு பிள்ளைக்கு மேல் இருக்கும் வீட்டில் இதைத் தவிர வேறு வழியும் இல்லை. ஆங்கிலமும் ஒரு தடைதான், ஆனால் வாய்விட்டுத் தமிழில் சொல்லிவிடக்கூடிய அளவு எளிய ஆங்கிலம். மாத்து, போட்டுக்கோ மாதிரி இடங்களில் மட்டும் முந்தின நாளே பார்த்து வைத்துக்கொள்ளுங்கள்.

இதைப் படித்தால் குழந்தைக்கு புரோகிராம் எழுத வந்துவிடுமா என்று கேட்டால், வராது. ஒரு வரி புரோகிராம்கூட இதில் கற்றுத்தரவில்லை, அதற்காக இதை வாங்குகிறவர்கள் ஏமாந்துபோவார்கள். நிஜமாகவே திரையில் எதையாவது நகர்த்திப் பார்க்க ஆசை வந்தால் ஸ்க்ராட்ச் ஜூனியர் இருக்கிறது, 2014-லிருந்து இலவசமாகவே கிடைக்கிறது, ஐந்திலிருந்து ஏழு வயதுக்கென்றே செய்தது, படிக்கத் தெரியாத பிள்ளைகூடப் படக் கட்டங்களைக் கோத்துப் பூனையை நடக்கவைக்கலாம். பாப்பா போன மாதம் ஆரம்பித்தாள். பூனை பாதியிலேயே நின்றபோது என்னைக் கூப்பிடவில்லை, “நான் என்ன சொல்ல மறந்தேன்?” என்று அவளாகவே கட்டங்களைத் திரும்பப் பார்த்துக்கொண்டிருந்தாள். நான் கதவோரம் நின்று பார்த்துவிட்டுச் சத்தம் போடாமல் போய்விட்டேன்.

வாங்கலாமா வேண்டாமா என்று இழுபறியில் இருப்பவர்களுக்கு ஒரு வழி. அந்தக் காகிதக் கணினியும் வேறு சில பயிற்சிகளும் ஹலோ ரூபி இணையதளத்திலேயே இலவசமாக இருக்கின்றன. அதை மட்டும் பிரிண்ட் எடுத்து ஒரு ஞாயிற்றுக்கிழமை உட்கார்ந்து பாருங்கள், பிள்ளைக்குப் பிடித்தால் இரண்டாவது புத்தகத்திலிருந்து ஆரம்பியுங்கள். கொஞ்சம் தடித்த தாளாக எடுங்கள், சாதாரணத் தாளில் மூடி நிற்கமாட்டேன் என்கிறது. கத்தரிக்கோல் வேலை முழுக்க உங்கள் தலையில்தான் விழும், அதையும் இப்போதே சொல்லிவிடுகிறேன்.