நாணயத்தைப் படம்பிடிக்க ஸ்கேனரா, போனா, கேமராவா?

எழுத்தும் ஆண்டும் தெளிவாகத் தெரிந்தால் நல்ல படம் என்று புதிதாகச் சேர்ப்பவர்கள் நினைக்கிறார்கள். பட்டியல் போட அது போதும். தரம், அதாவது காசு எவ்வளவு தேயாமல், அடிபடாமல் இருக்கிறது என்று பார்க்க வேண்டுமானால் படத்தில் தேய்மானமும் மினுக்கும் தெரிந்தாக வேண்டும். மூன்று கருவிகளையும் அந்தக் கண்ணோடுதான் பார்க்கிறேன்.

ஸ்கேனரில் வேலை சுலபம். ஒரு தட்டு நாணயத்தை ஒரே தடவையில் முடித்துவிடலாம், அளவும் மாறாது. ஆனால் விளக்கு எப்போதும் ஒரே கோணத்தில் நகர்வதால் மினுக்கு செத்துவிடும். பளிச்சென்ற வெள்ளிக் காசு சாம்பல் வில்லையாகத் தெரியும். மெல்லிய ஸ்கேனர்களில் உறைக்குள் இருக்கும் நாணயம் மங்கிப்போகும். தரம் பார்க்க இது வேண்டாம்.

தொடங்குபவருக்கு என் தேர்வு போன்தான். லென்ஸை நாணயத்தின் மேல் கொண்டுபோய் ஒட்டாதீர்கள். போனின் நிழல் விழும், வட்டமும் கோணலாகும். 15–20 செ.மீ. உயரத்தில் ஸ்டாண்டில் நிறுத்தி, இரண்டு மடங்கு ஜூம் வைத்து, டைமரில் எடுங்கள். வெள்ளி வெளிறினால் போன் திரையில் நாணயத்தின் மேல் தொட்டு வெளிச்சத்தைக் குறையுங்கள்.

100 மி.மீ. மேக்ரோ லென்ஸ் போட்ட கேமரா இதைவிட மேல்தான். தள்ளி நின்றே பெரிதாக எடுக்கும் என்பதால் நடுவில் விளக்கு வைக்க இடம் கிடைக்கும். லென்ஸ் துளையின் அளவை எஃப் 8-ஐ ஒட்டி வைத்தால் கூர்மை நன்றாக வரும். சின்னக் காசுகளில் அச்சு வேறுபாடு தேடும்போது வாங்கலாம், அதற்கு முன் அவசரமில்லை.

உண்மையில் கருவியைவிட விளக்குதான் படத்தை மாற்றுகிறது. ரிங் லைட் பளபளப்பான நாணயத்தில் வளையமாகவே பிரதிபலிக்கும். மெல்லிய தாள் வழியே வரும் ஒளி கண்ணுக்கு இதம், ஆனால் மயிரிழைக் கீறல்களை மறைத்துவிடும். விற்பவர் படத்தில் இதைக் கவனியுங்கள். தாழ்ந்த விளக்கோ சின்னக் கீறலையும் பள்ளமாகக் காட்டும். லென்ஸுக்கும் நாணயத்துக்கும் நடுவே சாதாரணக் கண்ணாடித் துண்டை 45 டிகிரி சாய்த்து, பக்கவாட்டு ஒளியை நேர்கீழே இறக்கும் முறை, சேகரிப்பவர்களுக்கென்றே தனியாக அச்சடித்த, கண்ணாடி போன்ற புரூஃப் காசுகளுக்கு அருமை. சாதாரணக் காசின் மினுக்கை அது காட்டாது. பெரும்பாலும் உயரத்தில் ஒரே விளக்கு போதும். அதை இடம் மாற்றி இரண்டு படம் எடுத்துவிடுங்கள்.

ஏன் இரண்டு? அச்சு அடிக்கும்போது உலோகம் விளிம்பு நோக்கி ஓடி நுண்ணிய கோடுகளை விடுகிறது. புதிய காசைத் திருப்பினால் ஒளிப்பட்டை ஆரக்கால் மாதிரி சுற்றிவரும். கன்னம், காதுக்கு மேல் முடி போன்ற மேடுகளில் அந்தப் பட்டை அறுந்து மந்தமாகத் தெரிந்தால் தேய்மானம். விவரம் குறைந்தும் பட்டை அறுபடாமல் ஓடினால் பெரும்பாலும் அச்சு சரியாக அழுந்தாததுதான் காரணம். ஒரே படத்தில் இதைப் பிரிப்பது கஷ்டம்.

அப்புறம் தரம். வில்லியம் ஷெல்டன் 1949-இல் அமெரிக்கப் பெரிய சென்ட் காசுகளுக்காகப் போட்ட 1 முதல் 70 வரையிலான அளவுகோல்தான் இன்று பரவலாக உள்ளது. 60-உம் அதற்கு மேலும் என்றால் புழங்காத காசு. லேசாகப் புழங்கிய 58, அடிபட்ட 60-ஐவிட அழகாகவே இருக்கலாம். நாமே பார்ப்பதா, பி.சி.ஜி.எஸ்., என்.ஜி.சி. போன்ற, காசுக்குத் தரம் போட்டுத் தரும் நிறுவனங்களுக்கு அனுப்புவதா? கட்டணத்தைவிடப் பல மடங்கு மதிப்புள்ள காசு, அல்லது போலி எனச் சந்தேகம் என்றால் அனுப்புங்கள். அனுப்பும் முன் துடைக்காதீர்கள். சுத்தம் செய்த காசுக்கு வழக்கமான எண் தராமல், குறையைக் குறித்துத்தான் திருப்பி அனுப்புவார்கள். மற்றவற்றுக்கு 5 மடங்கு பூதக்கண்ணாடியும் உங்கள் இரண்டு படங்களும் போதும். 63-ஆ 64-ஆ என்று படத்தை வைத்து அடித்துச் சொல்ல வேண்டாம். ‘62 முதல் 64’ என்று எழுதி வைத்தால் அது நேர்மையான மதிப்பீடு.