எகிப்துக்கு முன் மூன்று மாலைகள்: ஒரு முன்னாயத்த வகுப்பு பற்றிய மதிப்பீடு

யாழ் நகரிலுள்ள பயண முகவர் நிலையம் ஒன்று, எகிப்துக்குக் குழுவாகச் செல்வோருக்கென மூன்று மாலை நேர முன்னாயத்த வகுப்புகளை நடத்துகிறது. கடந்த ஜனவரியில் புறப்பட்ட பதினான்கு பேரில் நானும் ஒருவன். பயணக் கட்டணத்துக்கு மேலதிகமாக ஆளுக்கு 5,000 ரூபா அறவிட்டபோது முணுமுணுத்தவர்களிலும் நான் ஒருவன். வகுப்பில் கேட்டவற்றில் எது கைகொடுத்தது, எது காலை வாரியது என்பது அங்கே போன பிறகுதான் தெரிந்தது என்பதால், திரும்பி வரும்வரை இதை எழுதாமல் இருந்தேன்.

முதல் மாலை வரலாற்றுக்கு உரியது. ஓய்வுபெற்ற வரலாற்று ஆசிரியை ஒருவர் 30 அரச மரபுகளையும் வரிசையாக ஒப்புவித்தார்; சாதாரண தரப் பரீட்சைக்கு முந்திய இரவு போல் இருந்ததே தவிர, அந்தப் பட்டியலில் எதுவும் மனதில் தங்கவில்லை. ஆனால் அவர் பட்டியலை மூடிவைத்துவிட்டு வரைபடத்தை விரித்த அரை மணி நேரம் முழுப் பயணத்துக்கும் பயன்பட்டது. நைல் தெற்கிலிருந்து வடக்கே பாய்வதால் தெற்குப் பகுதியே ‘மேல் எகிப்து’ எனப்படுகிறது என்பதையும், தெற்கிலுள்ள லக்சர் நகரில் கர்னாக் முதலிய பெருங்கோயில்கள் சூரியன் உதிக்கும் கிழக்குக் கரையிலும் அரசர்களின் கல்லறைகள் அது மறையும் மேற்குக் கரையிலும் அமைந்திருப்பதையும் அவர் விளக்கியிருந்தார். அதனால் படகிலிருந்து பார்த்தபோது எந்தக் கரையில் எதைத் தேடுவது என்ற குழப்பம் எங்களுக்கு இருக்கவில்லை.

இரண்டாம் மாலைதான் கட்டணத்துக்கு முழுப் பெறுமதி தந்தது. ஆசிரியை ஆளுக்கொரு சிறிய அட்டையைத் தந்தார். அதில் ஒரு வட்டமும் அதன் வலப்பக்கத்தில் ஒரு புள்ளியும் மட்டுமே இருந்தன. ‘சுழியம்’ என்று நாங்கள் ஒரே குரலில் சொன்னோம். அது ஐம்பது! அங்கே புழங்கும் அரபு இலக்கங்களில் வட்டம் ஐந்தையும் புள்ளி சுழியத்தையும் குறிக்கும் என்று அவர் சொல்லி, பத்து இலக்கங்களையும் எழுதிப் பழக்கிய பிறகே தேநீர் இடைவேளைக்கு விட்டார். லக்சர் சந்தையில் தோடம்பழக் குவியலின் மேல் செருகியிருந்த மட்டையை யாரிடமும் கேட்காமல் வாசித்தபோது அந்த அட்டையை நினைத்துக்கொண்டேன்.

பழக்கவழக்கங்களை அவர் எங்கள் ஊர் வழக்கோடு ஒப்பிட்டுச் சொன்னதும் நன்றாக இருந்தது. நல்லூரில் ஆண்கள் மேலாடை களைந்து உள்ளே செல்கிறோம். அங்கே பள்ளிவாசலில் தோளும் முழங்காலும் மூடியிருக்க வேண்டும், பெண்கள் தலையையும் மூட வேண்டும், பாதணியைக் கழற்றுவது மட்டும் இரு இடத்துக்கும் பொது. சிறு உதவிக்கும் எதிர்பார்க்கப்படும் ‘பக்சீஸ்’ கொடுக்கச் சில்லறை நோட்டுகளைத் தனிப் பையில் வைத்துக்கொள்ளுமாறு சொன்னதும் பயன்பட்டது. சைவ உணவுக்காரர்களுக்குச் சோறு, பருப்பு, மக்கரோனி, கடலை, பொரித்த வெங்காயம் சேர்ந்த ‘கொஷாரி’யையும், அரைத்த அவரை வகைப் பருப்பில் பொரிக்கும் ‘தாமியா’வையும் அறிமுகப்படுத்தினார். பின்னையது எங்கள் வடைக்கு ஒன்றுவிட்ட சகோதரம் என்றே சொல்லலாம்.

மூன்றாம் மாலை மிகவும் பலவீனமானது. இரண்டு உருண்டைக் கால் கொண்ட மின்செருகி தேவை என்பதைத் தவிர, கையேட்டில் இருந்தவை பெரும்பாலும் பழைய தகவல்கள். பண்டைய அரசன் துட்டன்காமுனின் பொன் முகமூடி கெய்ரோவின் தஹ்ரீர் சதுக்க அருங்காட்சியகத்தில் இருப்பதாக அதில் எழுதப்பட்டிருந்தது. 2025 நவம்பரில் கிசாவில் முழுமையாகத் திறக்கப்பட்ட பெரும் எகிப்திய அருங்காட்சியகத்துக்கு அது போய்விட்டது. அரச மம்மிகள் 22 அதற்கும் முன்பே, 2021 ஏப்ரலில், தேசிய எகிப்திய நாகரிக அருங்காட்சியகத்துக்கு ஊர்வலமாகக் கொண்டுசெல்லப்பட்டன. எங்களோடு வந்த ஒருவரின் மகள் தொலைபேசியில் எச்சரித்திராவிட்டால் கெய்ரோவில் அரை நாள் வீணாகியிருக்கும். உடைப் பட்டியலில் ‘பருத்தி ஆடைகள்’ என்ற இரு சொற்களுக்கு மேல் எதுவும் இருக்கவில்லை. பாலைவனம் என்றால் வெப்பம் என்று நம்பிப் போன நாங்கள், அபு சிம்பெல் கோயிலுக்குச் செல்ல அஸ்வான் நகரில் விடியற்காலை நான்கு மணிக்கு வாகனத்துக்குக் காத்திருந்தபோது விடுதித் துவாய்களைப் போர்த்திக்கொண்டு நின்றோம்.

எனக்கு இன்னுமொரு குறை உண்டு: எகிப்துக்கும் தமிழருக்கும் இருந்த பழைய கடல் வணிகத் தொடர்பு பற்றி வகுப்பில் ஒரு சொல்லும் இல்லை. செங்கடல் கரையில் உள்ள பழைய துறைமுகமான குசைர் அல்காதிமில் ‘பானை ஒறி’ என்று தமிழ்ப் பிராமியில் எழுதிய பானை ஓடு கிடைத்திருக்கிறது. எங்கள் அடுக்களைகளில் அண்மைக்காலம் வரை தொங்கிய உறிதான் அது. அதே கரையின் இன்னொரு பழைய துறைமுகமான பெரெனிகேயில் இந்தியச் சாடி ஒன்றில் ஏறத்தாழ 7.5 கிலோ மிளகு கிடைத்தது. யாழ்ப்பாணத்தில் ஆனைக்கோட்டையில் கிடைத்த பழைய முத்திரையையும் கந்தரோடையில் கிடைத்த உரோம நாணயங்களையும் பற்றிக் கேட்டு வளர்ந்தவர்களுக்கு இதைவிட நெருக்கமான வாசல் எகிப்துக்கு இல்லை. இதைப் பற்றிக் கேட்டபோது, “அது எங்கட திட்டத்தில இல்லை ஐயா” என்று நிலையத்தார் முடித்துக்கொண்டார்கள்.

இரண்டாம் மாலையை மட்டும் தனியாகப் பதிய முடியுமென்றால் தயங்காமல் பதியலாம். இப்போதைக்கு மூன்றையும் சேர்த்தே தருகிறார்கள். பணம் கட்டுமுன் கையேட்டை வாங்கி, அதில் பொன் முகமூடி இன்னும் தஹ்ரீர் சதுக்கத்தில்தான் இருக்கிறதா என்று பார்த்துக்கொள்ளுங்கள். குளிர்காலப் பயணமானால் ஒரு கம்பளிச் சட்டையையும் எடுத்துச் செல்லுங்கள்.