ஓ.ஆர்.எஸ். பொடி: பொட்டலத்தில் நிறைவும் அச்சில் குறையும்

2025ஆம் ஆண்டு ஆடி மாதம், ஊர்க் கோயில் கொடை முடிந்து வீடு திரும்பிய மறுநாள், என் தந்தையாருக்கு வயிற்றுப்போக்கு கண்டது. நண்பகலுக்குள் ஏழெட்டு முறை போய்விட்டார். நாக்கு வறண்டு, எழுந்து நின்றால் தலை சுற்றுகிறது என்றார். அருகிலிருந்த மருந்துக்கடையில், வயிற்றுப்போக்கில் இழந்த நீரையும் உப்பையும் ஈடுசெய்யக் குடிக்கும் ஓ.ஆர்.எஸ். கேட்டபோது, ஆப்பிள் படம் போட்ட அட்டைப்பெட்டிப் பானம் ஒன்றைக் கையில் கொடுத்தார்கள். பெட்டியைத் திருப்பிப் பார்த்தால் 100 மில்லிக்கு 11 கிராமுக்கும் மேல் சர்க்கரை. அதைத் திருப்பிக் கொடுத்து, உலக சுகாதார நிறுவனத்தின் சூத்திரப்படி என்று அச்சிட்ட பொடிப் பொட்டலங்கள் மூன்றை வாங்கி வந்தேன். இம்மதிப்புரை அந்தப் பொடியைப் பற்றியது.

சேர்க்கும் மணத்தை விட்டுவிட்டால், பொட்டலத்தில் இருப்பவை நான்கே பொருள்கள். ஒரு லிட்டர் நீருக்குச் சமையலுப்பு 2.6 கிராம், குளுக்கோஸ் 13.5 கிராம், பொட்டாசியம் குளோரைடு 1.5 கிராம், டிரைசோடியம் சிட்ரேட் 2.9 கிராம், ஆகமொத்தம் 20.5 கிராம். பார்வைக்கு எளிய இந்தக் கலவையின் மதிப்பு முழுவதும் அதன் விகிதத்தில் இருக்கிறது.

இரத்தத்தில், சமையலுப்பின் கூறான சோடியம் லிட்டருக்கு 135 முதல் 145 மில்லிமோல் (துகள்களின் எண்ணிக்கையைச் சொல்லும் அலகு) என்ற குறுகிய வரம்புக்குள் நிற்க வேண்டும். நீர் சற்றுக் குறைந்தாலும் மூளையின் ஹைப்போதலாமஸ் அதை உணர்ந்து தாகத்தைத் தூண்டுவதோடு, வாசோபிரசின் என்னும் ஹார்மோனைச் சுரக்கச் செய்து, சிறுநீரில் நீர் வீணாகாமல் தடுக்கிறது. இரத்தத்தின் அளவு குறையும்போது அல்டோஸ்டீரோன் என்னும் இன்னொரு ஹார்மோன் சோடியத்தைப் பிடித்து வைக்கிறது. நாளொன்றுக்குச் சுமார் 180 லிட்டர் திரவத்தை வடிகட்டி, ஒன்றரை லிட்டர் அளவை மட்டும் வெளியேற்றிவிட்டு மீதியை இரத்தத்துக்கே திருப்பியனுப்பும் சிறுநீரகம் இந்தச் சிக்கனத்தில் கைதேர்ந்தது. ஆனால் இருப்பதைக் காக்கத்தான் அதனால் முடியும். குடல்வழி போய்விட்டதை அதனால் ஈடுசெய்ய இயலாது.

ஈடுசெய்யும் வழியும் குடலிலேயே இருக்கிறது. சிறுகுடலின் சுவரில் குளுக்கோஸும் சோடியமும் கைகோத்துக்கொண்டு நுழையும் வாயில் ஒன்று உண்டு. அவை நுழைந்தால் நீரும் பின்தொடரும். காலரா கண்ட குடலிலும் இந்த வாயில் பழுதாவதில்லை. கரைசலில் சோடியமும் குளுக்கோஸும் லிட்டருக்கு 75 மில்லிமோல் என்று சமமாக வைத்திருப்பது இதற்காகவே. சர்க்கரை மிகுந்தால் காரியம் தலைகீழாகிவிடும்: குடலுக்குள் தேங்கும் சர்க்கரை உடலிலிருந்து நீரை இழுத்து, போக்கை இன்னும் கூட்டும். நான் திருப்பிக் கொடுத்த பானத்தில் சர்க்கரை பொடியில் உள்ளதைப் போல எட்டு மடங்கு. பழைய சூத்திரத்தின் செறிவையே, அதாவது கரைந்திருக்கும் துகள்களின் மொத்த அளவையே, லிட்டருக்கு 311 என்பதிலிருந்து 245 மில்லி ஆஸ்மோலாக, 2002இல் உலக சுகாதார நிறுவனம் குறைத்தது என்பதை நினைத்தால் அந்தப் பானத்தின் பொருத்தமின்மை விளங்கும். 2025 அக்டோபரில், சூத்திரத்துக்குப் பொருந்தாத பானங்கள் தம் பெயரில் ஓ.ஆர்.எஸ். என்ற எழுத்துகளைப் பயன்படுத்தக் கூடாது என இந்திய உணவுப் பாதுகாப்பு மற்றும் தர நிர்ணய ஆணையம் உத்தரவிட்டது. காலம் கடந்தேனும் வந்தது நல்லது.

1971இல் வங்காள எல்லையின் பன்கான் அகதி முகாமில், நரம்பில் ஏற்றும் சலைன் தீர்ந்துபோன நிலையில், மருத்துவர் திலீப் மகலனாபிஸ் குழுவினர் உப்பையும் குளுக்கோஸையும் பாலித்தீன் பைகளில் கட்டி வந்து, நீரில் கரைத்துக் காலரா நோயாளிகளுக்குக் குடிக்கக் கொடுத்தார்கள். முப்பது விழுக்காடு அளவில் இருந்த இறப்பு நான்கு விழுக்காட்டுக்கும் கீழே இறங்கியது. அந்தப் பையின் வாரிசுதான் இன்று காபி விலைக்குக் கிடைக்கும் இந்தப் பொட்டலம்.

இனிக் குறைகளுக்கு வருகிறேன். முதற்குறை அச்சு. "ஒரு லிட்டர் நீரில் முழுப் பொட்டலத்தையும் கரைக்கவும்" என்ற உயிர்நாடியான வரி, எறும்பு ஊர்ந்தாற்போன்ற எழுத்தில், அதுவும் ஆங்கிலத்திலும் இந்தியிலும் மட்டுமே இருக்கிறது. நான் குளித்துவிட்டு வருவதற்குள் அம்மா முழுப் பொட்டலத்தையும் ஒரு டம்ளர் நீரில் கொட்டிக் கலக்கி வைத்திருந்தார். 200 மில்லியில் கரைத்தால் சோடியம் இரத்தத்தில் இருப்பதைப் போல இரண்டரை மடங்கையும் தாண்டிவிடும். வறண்டு கிடக்கும் உடலுக்கு, குறிப்பாகக் குழந்தைகளுக்கு, அது ஆபத்து. டம்ளர் கணக்கில் பழகிய வீடுகளுக்கு 200 மில்லிக்கான சிறு பொட்டலமே ஏற்றது. நான் வாங்கிய கடையில் அது இல்லை.

இரண்டாவது குறை, சில பொட்டலங்களில் சேர்த்திருக்கும் ஆரஞ்சு மணம். இருமல் மருந்தை நினைவூட்டும் அந்த வாடைக்குத் தந்தையார் முகம் சுளித்தார். மணம் சேர்க்காத பொடி, கண்ணீரைப் போன்ற மெல்லிய உப்புக்கரிப்போடு, தடையின்றி இறங்கியது.

இளநீர் போதாதா என்று பக்கத்து வீட்டு அத்தை கேட்டார். இளநீரில் பொட்டாசியம் தாராளம், சோடியம் சொற்பம். எனவே இழந்த உப்புக்கு அது ஈடாகாது. அரிசிக் கஞ்சியில் உப்பிட்டுக் கொடுப்பது அதனினும் மேல்.

சிறுநீரகக் கோளாறோ இதயச் செயலிழப்போ உள்ளவர்கள் மருத்துவரைக் கேட்காமல் இதைக் குடிக்கக் கூடாது. மலத்தில் இரத்தம், நிற்காத வாந்தி, மயக்கம் என்றால் பொட்டலத்தை நம்பி வீட்டில் காத்திருக்கவும் கூடாது. கரைத்ததை 24 மணி நேரத்துக்குமேல் வைத்திருக்காமல் கொட்டிவிட வேண்டும்.

கொதித்து ஆறிய நீரில் கரைத்து, வாய்வாயாகக் கொடுத்ததில் மாலை ஆறு மணிக்குத் தந்தையார் சிறுநீர் கழித்தார். நிறம் இன்னும் அடர்மஞ்சள்தான். இரவில் இரண்டாவது லிட்டரைக் கரைத்தேன், இம்முறை ஆரஞ்சு மணம் இல்லாத பொட்டலத்தில்.