பேட்டர்சன் டேங்க்கும் கறுப்புப் பையும்: இருட்டறை இல்லாத வீட்டுக்கு

தனி வீட்டிலிருந்து ஃபிளாட்டுக்குக் குடிபோனால் முதலில் பறிபோவது ஃபிலிம் கழுவிப் பிரிண்ட் போடும் இருட்டறை. அதோடு ஃபிலிமையும் விட்டுவிடுபவர்கள் உண்டு, விடத் தேவையில்லை. என்லார்ஜரில் (நெகட்டிவைப் பெரிதாக்கித் தாளில் விழச்செய்யும் கருவி) பிரிண்ட் போடத்தான் அறை வேண்டும். நெகட்டிவ் கழுவ, ஃபிலிமைச் சுருளாகப் பிடித்துக்கொள்ளும் ரீலில் ஏற்றும் சில நிமிடங்கள் மட்டும் முழு இருட்டு இருந்தால் போதும். வெளிச்சம் புகாத பேட்டர்சன் சூப்பர் சிஸ்டம் 4 டேங்க்கும், உள்ளே கை விட்டு வேலை செய்யும் கறுப்புப் பையான ஒரு சேஞ்சிங் பேக்கும் அந்த வேலையைப் பார்த்துக்கொள்ளும். மிச்சமெல்லாம் சமையலறை சிங்க்கில், லைட்டைப் போட்டுக்கொண்டே செய்யலாம்.

வாங்குவதென்றால் இரண்டு ரீல் டேங்க்கையே வாங்குங்கள். 35 மி.மீ. ரோல் இரண்டு, அல்லது அதைவிட அகலமான 120 ரோல் ஒன்று பிடிக்கும். ஊற்ற வேண்டிய கரைசல் 35-க்கு ரோலுக்கு 290 மி.லி., 120-க்கு 500 மி.லி. ஒரே ஒரு 35 ரோலைக் கழுவும்போது அதை அடியில் போட்டு, மேலே காலி ரீலையும் மாட்டுங்கள். இல்லாவிட்டால் டேங்க்கைக் கவிழ்க்கும்போது ரீல், அதை மாட்டியிருக்கும் நடுக்குழாயில் மேலேறிவிடும். படத்தை வெளிக்கொணரும் டெவலப்பர் கரைசல் எட்டாத ஓரம் நெகட்டிவ் நெடுக வெளிறிப்போகும்.

இதன் பலவீனம் பிளாஸ்டிக் ரீல்தான். இரு பக்கத்தையும் மாற்றி மாற்றித் திருகினால் சிறு குண்டுகள் ஃபிலிமைப் பிடித்து உள்ளே இழுக்கும். துளி ஈரம் இருந்தாலும் திக்கும். சென்னை, தூத்துக்குடி மாதிரி ஊர்களில் பைக்குள் கை விட்டதுமே வியர்க்கத் தொடங்கும். அந்தப் புழுக்கத்தில் ஃபிலிம் பள்ளத்தோடு ஒட்டிக்கொள்ளும். பலவந்தமாகத் தள்ளினால் மடிந்த இடத்தில் பிறை வடிவத் தழும்பு விழும், அதை எதாலும் நீக்க முடியாது.

35 மி.மீ.க்கு நல்ல வழி ஒன்று உண்டு. லீடர் பிக்கரால் (டப்பாவுக்குள் போன ஃபிலிம் முனையை எடுக்கும் கருவி) ஃபிலிமின் நாக்கை வெளியே இழுத்து, வெளிச்சத்திலேயே நேராக வெட்டி, இரு முனைகளையும் லேசாகச் சாய்த்துக் கத்தரியுங்கள். வெட்டு, ஃபிலிம் ஓரத்து ஸ்ப்ராக்கெட் துளையின் குறுக்கே போகக்கூடாது. குண்டுகளைத் தாண்டும் வரை ஏற்றிவிட்டு, அதன் பிறகு பைக்குள் வைத்தால் போதும். உள்ளே மிஞ்சுவது திருகலும், கடைசியில் ஒரு கத்தரி வெட்டும்தான். 120-க்கு இந்தச் சலுகை கிடையாது. ஏசி ஓடும் அறையில் ஏற்றுவதே நல்லது. பையிலும் துணி கைமேல் விழாதபடி சட்டம் வைத்த கூடார வகை கிடைத்தால் கூடுதல் காசு கொடுக்கலாம்.

ரீல் காய்ந்திருந்தும் திக்கினால், பழைய வெட்டிங் ஏஜென்ட் (காயும்போது நீர்த்திட்டு விழாமலிருக்கக் கடைசியில் சேர்க்கும் திரவம்) படிந்திருக்கும். ஃபிலிமை ரீலிலிருந்து கழற்றிய பிறகே, தனிக் கிண்ணத்தில் உள்ள வெட்டிங் ஏஜென்ட்டில் முக்குங்கள். படிந்துவிட்டதை வெந்நீரும் பழைய டூத்பிரஷ்ஷும் போக்கும்.

நம் குழாய்த் தண்ணீர் வெயில் காலத்தில் 30 டிகிரியைத் தாண்டும். எச்பி5 பிளஸ் கறுப்பு-வெள்ளை ஃபிலிமை ஐடி-11 டெவலப்பரின் 1+1 கரைசலில் (ஒரு பங்குக்கு ஒரு பங்கு தண்ணீர்) 20 டிகிரியில் கழுவ 13 நிமிடம். 24 டிகிரி என்றால் சுமார் 9. பக்கெட்டில் ஐஸ் போட்டு 24-க்கு இறக்கினாலே போதும், 20-க்காக மல்லுக்கட்ட வேண்டாம். ஐந்து நிமிடத்துக்குக் கீழே மட்டும் போகாதீர்கள், டெவலப்பர் சீராகப் பிடிக்காது. தொடக்கத்தில் 10 விநாடிக்குள் நான்கு முறை, பிறகு நிமிடத்துக்கு நான்கு முறை கவிழ்த்து, குமிழி போக ஒரு தட்டு தட்டுங்கள். கூடவே வரும் சுழற்றும் குச்சி தேவையே இல்லை. மூடியின் நடுவை அமுக்கிக் காற்றை வெளியேற்றிக்கொண்டே ஓரத்தை அழுத்துங்கள்; அப்படியும் கொஞ்சம் ஒழுகும், பழைய துணி பக்கத்தில் இருக்கட்டும். அலச ஓடும் தண்ணீர் தேவையில்லை: படத்தை நிலைநிறுத்தும் ஃபிக்ஸருக்குப் பின் 5, 10, 20 முறை என்று கவிழ்த்து, ஒவ்வொரு முறையும் புதுத் தண்ணீர் ஊற்றினால் சரி.

செகண்ட் ஹேண்டில் வாங்கும்போது நடுக்குழாய் இருக்கிறதா என்று பாருங்கள். அது இல்லாமலும் புனல் வடிவ மூடி கச்சிதமாகப் பூட்டிக்கொள்ளும், ஆனால் அந்தப் புனல் வழியே நேராக வெளிச்சம் இறங்கி ரோல் முழுவதும் கறுத்துவிடும்.